பழைய ரோட்டுத் தகராறுக்கு சர்வே ஆபீஸ் தேடுகிறவர்களுக்கு: உடுமலையில் நான் போன இடம்

தடத்தகராறு என்று சர்வே ஆபீஸ் தேடிப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன மெஷின் வெச்சிருக்கீங்க?" போர்டிலும் அதைத்தான் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்: டி.ஜி.பி.எஸ்., டோட்டல் ஸ்டேஷன், ட்ரோன். உங்கள் தகராறு கைவிட்டுப்போன பழைய ரோட்டைப் பற்றியது என்றால் அந்தக் கேள்வியை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். "பழைய ரிக்கார்டு யாருங்க தேடுவாங்க?" என்று முதலில் கேளுங்கள். நான் போன ஆபீஸில் அளப்பதற்கும் தேடுவதற்கும் தனித்தனியாகக் காசு வாங்கினார்கள். அளந்ததற்குக் கொடுத்த காசு தண்டம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான். தேடியதற்குக் கொடுத்தது பாதிக்கும் குறைவு. இன்றைக்கு என் தோட்டத்துக்கு லாரி வருகிறது என்றால் அந்தக் காசில்தான் வருகிறது.

ஆபீஸின் பெயரை இங்கே போடவில்லை. வழக்கு நடக்கிறது, அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டி வரலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நேரில் கேட்பவர்களுக்கு இடம் சொல்கிறேன்.

முதலில் என் விவகாரம், ஏனென்றால் அது தெரியாமல் இவர்கள் செய்த வேலையின் அருமை புரியாது. எங்கள் தென்னந்தோட்டம் ஒரு காலத்தில் மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. ரோடு எங்கள் வேலியை உரசிக்கொண்டு பெரிய வளைவாகப் போகும். பிறகு அதை நேராக்கினார்கள். நடுவில் இருந்த பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கி, பாலம் போட்டு, புது ரோடு நேராக ஓடிவிட்டது. பழைய வளைவு தார் பெயர்ந்து, ஜல்லி தெரிய, இரண்டு பக்கமும் புளியமரங்களோடு அப்படியே கிடந்தது. அதன் மேற்கு முனையில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) கிளை வாய்க்கால் குறுக்கே போகிறது, அங்கிருந்த தரைப்பாலம் இடிந்து ரொம்ப வருஷமாகிறது. கிழக்கு முனையைப் புது ரோட்டின் மண்மேடு மூடிவிட்டது. அதனால் புது ரோட்டிலிருந்து பழைய ரோட்டில் இறங்க, பக்கத்துப் பட்டா நிலத்தின் ஒரு மூலை வழியாக இறக்கம் உண்டானது. யார் வெட்டியது என்று யாருக்கும் தெரியாது. ரோடு போட வந்தவர்களே மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். மொத்தம் இரண்டு சென்ட் இருக்கும். காய் லோடு ஏற்ற லாரி, உர வண்டி, பால் வண்டி எல்லாம் அந்த இறக்கத்தில்தான் இறங்கி வரும். அப்பா இருந்த வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பக்கத்து நிலத்தைக் கோயமுத்தூரில் இருந்து ஒருவர் வாங்கினார். வாங்கிய கையோடு கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டார். மூலையை மட்டும் அடைத்திருந்தால் கூடப் பேசிப் பார்த்திருக்கலாம். பழைய ரோட்டையே குறுக்கே வெட்டி, புளியமரத்தில் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டார். கேட்கப் போனபோது அவர் சொன்னது: "ரோடுதான் அங்க போயிருச்சே அம்மிணி, இங்க ஏது ரோடு?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் வாங்கத்தான் நான் அந்த ஆபீஸின் மாடிப்படி ஏறினேன்.

மெஷின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆபீஸ் வைத்திருக்கும் சர்வேயர் நன்றாகப் பேசுவார், வேலையும் தெரியும். இரண்டு பையன்களோடு வந்து முக்காலி நிறுத்தி, காலையில் தொடங்கி மதியச் சோற்றுக்குள் முடித்துவிட்டார்கள். ஏ3 தாளில் பச்சை, சிவப்பு, நீலம் என்று கலர் கலராக ஒரு வரைபடம் வந்தது, லேமினேஷன் போட்டு. வேலி எங்கே இருக்கிறது, மரம் எங்கே இருக்கிறது, என் எல்லை எங்கே, எல்லாம் சென்டிமீட்டர் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வேலி எங்கே இருக்கிறது என்பது எனக்கே தெரியும், தினமும் அதில் முட்டிக்கொண்டுதானே நிற்கிறேன். அந்த இடம் யாருடையது என்பதை அந்தக் கலர்ப் படம் சொல்லாது. கோர்ட்டிலும் அது ஒரு தரப்பு கொண்டுவந்த படம், அவ்வளவுதான். கோர்ட் வேண்டுமென்றால் தானே ஒரு வக்கீல் கமிஷனரைப் போட்டு, தாலுகா சர்வேயரை வைத்து அளந்து கொள்ளும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? காசு வாங்கின பிறகு, "கோர்ட்ல கமிஷன் போடுவாங்க மேடம், அப்ப இது ஒத்துப்போகும்" என்றார். ஒத்துப்போவதற்கு 8,000 ரூபாய்! ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன், அதுவும் நேரத்துக்கு வந்ததற்காக.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆபீஸில் உள்ளறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். முப்பது வயசுக்கு மேல் இருக்கும். கம்ப்யூட்டரில் நிலப் பதிவேடுகளை ஏற்றிய காலத்தில் ஒப்பந்தத்தில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தவர். எந்தக் கட்டத்தில் எதைத் தட்டச்சு செய்வார்கள், எதை விட்டுவிடுவார்கள் என்பது விரல் நுனியில் இருக்கிறது. வாசலில் நின்று கேட்டால் இவரைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்களாகக் கேட்க வேண்டும்.

நான் கொண்டுபோன பட்டா, சிட்டா எதையும் அவர் பார்க்கவில்லை. "உங்களுது எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கும். ரோட்டோட நம்பர் என்ன?" என்றார். ரோட்டுக்கு சர்வே நம்பர் இருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? அரசின் இ-சேவைத் தளத்தில் கிராமத்தையும் புல எண்ணையும் (சர்வே நம்பர்தான்) போட்டால் அ-பதிவேடும் (எந்த நம்பர் யாருடையது, என்ன வகை என்ற பட்டியல்) புலப்படமும் (அந்த நம்பரின் அளவுப் படம்) யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. ஆனால் பட்டாதாரர் தன் நம்பரை மட்டும்தான் போட்டுப் பார்ப்பார். இவர் என் நம்பரின் புலப்படத்தில் வடக்குப் பக்கம் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை அ-பதிவேட்டில் போட்டார். வந்தது: அரசு நிலம், புறம்போக்கு, குறிப்புக் கலத்தில் "ரோடு".

அவ்வளவுதான். ரோடு அங்கே போகவே இல்லை. தார்தான் போயிருக்கிறது.

அவர் அதோடு நிறுத்தியிருந்தாலே நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. "இது இப்ப இருக்கறது. அவங்க தரப்புல, நடுவுல வகை மாத்திட்டாங்க, கம்ப்யூட்டர்ல ஏத்தலைன்னு சொன்னா?" என்றார். பொதுவழியாக இருந்த ஒரு நிலம் பொதுவழி இல்லை என்று ஆவதற்கு யாரோ ஓர் அதிகாரி முறைப்படி உத்தரவு போட்டிருக்க வேண்டும். வண்டி ஓடாததால் மட்டும் அது தானாக மாறிவிடாது. அப்படி உத்தரவு ஏதும் இல்லை என்பதைக் காட்ட வேண்டுமானால் பழைய பதிவேட்டில் தொடங்கி இன்று வரை ஒரே கோடாக வர வேண்டும். எங்கள் திருப்பூர் மாவட்டம் 2009-ல்தான் உண்டானது. அதற்கு முன் உடுமலை கோவை மாவட்டத்தில் இருந்தது. ஆக, பழைய காகிதங்களுக்குக் கோவைக்குப் போக வேண்டும். நகல் மனு எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அங்கே ஆவண அறையில் நின்று வாங்கி வந்தது அவர்தான். கூடவே கிராம வரைபடம். அது சென்னையில் சேப்பாக்கம் சர்வே அலுவலகத்தில் விலைக்குக் கிடைக்கிறது.

பழைய புலப்படத்தை அவர் மேஜையில் விரித்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது தளத்தில் வரும் படம் மீட்டரில் இருக்கிறது. பழையது சங்கிலி, லிங்க் கணக்கு. ஒரு சங்கிலிக்கு 100 லிங்க், 66 அடி. வளைவின் ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லைக்கல்லுக்கு ஒரு சின்னக் குறி, அதிலிருந்து எதிர்ப்பக்கக் கல்லுக்கு எத்தனை லிங்க் என்று மையில் எழுதியிருக்கிறது. அவர் ஸ்கேலை வைத்து, கால்குலேட்டரில் 0.2 ஆல் பெருக்கிப் பெருக்கி ஓரத்தில் மீட்டரை எழுதினார். ஒரு லிங்க் 20 சென்டிமீட்டர் சொச்சம். "பாருங்க, ரோட்டு அகலம் அன்னிக்கும் இன்னிக்கும் ஒண்ணுதான். யாரும் தொடலை." பிறகு பென்சில் முனையைக் கிழக்கு மூலையில் வைத்தார். "ஆனா இந்த இறக்கம் இதுல இல்லக்கா. இது பட்டாதான். அந்த மூலைக்கு அவர் சொல்றது சரி."

இந்த நேர்மைக்காகவே ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். காசு கொடுத்தவரிடம் "எதிராளி சொல்வது பாதி சரி" என்று சொல்ல எத்தனை ஆபீஸில் ஆள் இருக்கிறது?

ஒரே தகராறு என்று நான் தூக்கிக்கொண்டு போனதை அவர் இரண்டாகப் பிரித்தார். வளைவு அரசு ரோடு. அதற்கு நான் கோர்ட்டுக்கே போக வேண்டாம், தாசில்தாருக்கு மனு போதும். தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-ல் வந்தது. அதன் 2-ஆம் பிரிவு பொது ரோடு, தெரு, சந்து, பாதை, அவற்றின் பாலம், ஓரத்துப் பள்ளம், வேலி எல்லாம் அரசின் சொத்து என்கிறது. 7-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, அகற்றலாம். "12 வருஷம் அனுபவிச்சா எனக்குத்தான்" என்று ஊரில் சொல்வார்களே, அது தனியாருக்குத் தனியார். அரசு தன் நிலத்தைக் கேட்டு வழக்குப் போட 30 வருஷம் அவகாசம் இருக்கிறது. வேலி போட்டு ஒரு வருஷம் கூட ஆகாதவர் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. மூலை கதை வேறு. அது பட்டா நிலத்தின் மேல் நான் கேட்கிற வழிநடைப் பாத்தியம் (அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போய்வரும் உரிமை), அதற்கு முன்சீப் கோர்ட்.

அடுத்து அவர் எடுத்தது எதிராளியின் பத்திரங்களை. பதிவான கிரயப் பத்திரத்தின் நகலை யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. பத்திரப்பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கம் பார்த்து, அதிலிருந்து பத்திர எண்ணைப் பிடித்து, நகல் வாங்கினார். புதியவர் வாங்கிய பத்திரத்தில் நான்குமாலில் (நாலு பக்க எல்லை விவரத்தில்) வடக்கே "நெடுஞ்சாலை" என்று மட்டும் இருந்தது. அவருக்கு விற்றவர் வாங்கிய பத்திரத்தில், அதற்கு முந்தைய பாகப்பிரிவினையில், எல்லாவற்றிலும் வடக்கே "பழைய ரோட்டுக்குத் தெற்கு". ஆக, கடைசிப் பத்திரம் எழுதும்போது யாரோ "பழைய" என்பதை எடுத்துவிட்டார்கள், எல்லை ஒரே தாவலில் புது ரோட்டு வரைக்கும் போய்விட்டது. விஸ்தீரணம் மட்டும் அதே ஏக்கர், அதே சென்ட். எல்லை விரிந்தும் பரப்பு கூடாத நிலம்! நான் மில் ஆபீஸில் கணக்கு எழுதியவள். வரவு ஏறாமல் இருப்பு ஏறினால் எந்த ஆடிட்டர் விடுவார்?

புளியமரம் அவர் யோசனைதான். ரோட்டோரப் புளியமரங்களுக்கு நெடுஞ்சாலைத் துறை எண் போட்டு வைக்கும், வருஷா வருஷம் மகசூலை ஏலம் விடும். எங்கள் வளைவில் நிற்கும் மரங்களில் சுண்ணாம்புப் பட்டையும் கறுப்பில் எண்ணும் மங்கலாக இருந்ததை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று நினைத்ததில்லை. ரோடு நேரான பிறகும் அந்த மரங்கள் ஏலம் போனதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கச் சொன்னார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, ஒரு பக்க மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்தது: போயிருக்கிறது. கம்பியை முறுக்கிக் கட்டிய அந்த மரமும் பட்டியலில் இருந்தது.

அந்தப் பெண் இல்லையென்றால் நான் மாட்டியிருக்கக்கூடிய ஓர் இடத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். உங்களில் யாருக்காவது இதே தூண்டில் வரும். நோட்டீஸ் விஷயம் காதுக்குப் போனதும் புதியவர் இறங்கி வந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து, காப்பி குடித்து, "நமக்குள்ள எதுக்கும்மா கேஸு கோர்ட்டு? நீ பாட்டுக்கு அந்த மூலையில போயிட்டு வா. ஒரு பேப்பர் மட்டும் எழுதிக்குவோம்" என்றார். தாளில் இருந்தது மூன்றே வரி. "மேற்படி நிலத்தின் சொந்தக்காரர் அனுமதியின் பேரில் நான் அவ்விடத்தைப் பயன்படுத்தி வருகிறேன்" என்பது நடு வரி. பெரியவர், "இதுல என்ன தப்பு இருக்குது கண்ணு, நல்ல மனுஷனாத்தான் பேசறாரு" என்கிறார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று அந்தத் தாளைப் படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "கையெழுத்துப் போடாதீங்கக்கா. 'அனுமதி'ன்னு ஒத்துக்கிட்டா உங்க இருபது வருஷமும் போச்சு."

பிறகு வக்கீலும் அதையே விளக்கினார். 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் நம் மாகாணத்துக்கு ஆதியிலிருந்தே பொருந்தும். அதன் 15-ஆம் பிரிவில், ஒரு வழியை 20 வருஷம் அமைதியாக, வெளிப்படையாக, இடைவிடாமல், உரிமையாக நினைத்துப் பயன்படுத்தி வந்தால் அது பாத்தியம் ஆகிறது. நிலம் அரசுடையது என்றால் 30 வருஷம். "உரிமையாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்டுக்கொண்டு போனால் அது அனுமதி, கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கேட்காமல் போனால் உரிமை. பணிவாக அனுமதி வாங்கி நடந்தவருக்கு ஒன்றும் இல்லை, எதுவும் கேட்காமல் நடந்தவருக்குப் பாத்தியம் என்கிற இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நம் ஊர்ப் பங்காளிகளைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்னவோ.

வக்கீலை அறிமுகப்படுத்தியதும் இந்த ஆபீஸ்தான், அதனால் அவரைப் பற்றியும் கொஞ்சம். ஆளுக்குப் பொறுமை குறைவு, நீளமாகக் கதை சொன்னால் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆனால் தேவையான கேள்வியைக் கேட்பார். "அந்த இறக்கம் இல்லாட்டி வேற வழியே இல்லையா?" என்றார். இல்லை என்றேன். அப்படியானால் 13-ஆம் பிரிவின் அவசிய வழி என்று கேட்கலாமே என்று நான் இணையத்தில் படித்ததைச் சொன்னேன். "கேட்கலாம். நாளைக்கே நெடுஞ்சாலைக்காரங்க அவங்க மேட்டுச் சரிவுல உங்களுக்கு ஒரு இறக்கம் போட்டுக் கொடுத்தா?" அவசியம் தீர்ந்தால் அவசிய வழியும் தீர்ந்துவிடும், 41-ஆம் பிரிவு. 2006-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிலிருந்து போன ஹீரோ வினோத் வழக்கில் இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறதாம்: பத்திரத்தின் மூலம் கொடுத்த வழி, மாற்றுவழி வந்ததால் அழியாது, அவசியத்தால் வந்த வழிதான் அழியும். என்னிடம் எழுதிக் கொடுத்த பத்திரம் இல்லை. அதனால் நீண்ட கால அனுபவத்தை முதல் காலாகவும் அவசியத்தை இரண்டாவது காலாகவும் வைத்துப் பிராது எழுதினார். வேலி போட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அந்த 20 வருஷக் கணக்கே உடைந்துவிடும் என்பதையும் அழுத்திச் சொன்னார். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பண்டிகைக்குப் பண்டிகை தள்ளிப் போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்டார், எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்கியது. "அந்த இறக்கத்துல இருபது வருஷமா போனது மாட்டு வண்டியா, லாரியா?" ஒரு வகை வழிப்பாத்தியத்தில் இன்னொரு வகை அடங்காது என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது. மாட்டு வண்டி போன தடம் என்று மட்டும் நிரூபித்தால் லாரிக்கு வாதாட வேண்டி வரும். லாரிதான் போனது என்பதற்கு என்ன ஆதாரம்? அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டார். காய் வியாபாரிகளின் எடைச்சீட்டுகள் கம்பியில் குத்திக் குத்தி வருஷவாரியாகத் தொங்கின. சீட்டில் லாரி நம்பர் இருக்கும், தேதி இருக்கும், டன் இருக்கும். எந்த வழியாக வந்தது என்று இருக்காதுதான். ஆனால் தோட்டத்தில் ஏற்றிய லோடு வானத்தில் பறந்தா வெளியே போயிருக்கும்? அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் இப்போது பேரன் எடுத்துவிட்டார். சாட்சி சொல்ல வருகிறேன் என்றிருக்கிறார்.

குறைகளும் உண்டு. பில் பெரிய குறை. "சர்வே மற்றும் இதர செலவு" என்று ஒரே வரியில் ஒரு தொகை. இதர என்றால் என்ன? நகல் கட்டணம் எவ்வளவு, பஸ் சார்ஜ் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லி உட்கார்ந்தேன். சர்வேயருக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பெண்தான் ரசீதுகளை எடுத்து வந்து ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார். தேடுதல், நகல்கள், கோவை, சேப்பாக்கம் எல்லாம் சேர்த்து 3,600. மெஷினுக்கு அரை நாளுக்கு 8,000. எதில் உழைப்பு, எதில் காசு பாருங்கள். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, கேட்டால் எனக்குக் கோபம் வரும் என்று தெரியும்.

போன் எடுப்பதிலும் சுணக்கம். சர்வேயர் சைட்டில் இருந்தால் எடுக்கவே மாட்டார், சாயங்காலம் திருப்பிக் கூப்பிடுகிறேன் என்று மெசேஜ் வரும், எந்தச் சாயங்காலம் என்று அதில் இருக்காது. அந்தக் கலர் வரைபடத்தின் சாஃப்ட் காப்பிக்குத் தனியாகக் காசு கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.

இப்போதைய நிலவரம்: தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்து அளந்து, நோட்டீஸ் போய், பழைய ரோட்டின் குறுக்கே இருந்த கம்பி எடுக்கப்பட்டது. கல்லுக்கால்கள் இரண்டை மட்டும் இன்னும் பிடுங்கவில்லை. குட்டியானை நுழையும், பெரிய லாரி கொஞ்சம் வளைத்து எடுக்க வேண்டும். மூலைக்கு இடைக்காலத் தடை வாங்கியாகிவிட்டது, வழக்கு முடியும் வரை இறக்கத்தை அவர் அடைக்கக் கூடாது. வழக்கு எப்போது முடியும் என்று வக்கீலைக் கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

உங்கள் நிலத்தின் பரப்பு குறைகிறது, பங்காளி எல்லைக்கல்லை நகர்த்திவிட்டார் என்கிற ரகம் என்றால் இந்த ஆபீஸின் மெஷின் வேலையே போதும், நன்றாகச் செய்வார்கள். பழைய ரோடு, நின்றுபோன வண்டித்தடம், வேலி முளைத்துவிட்ட இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் தடம்) என்றால் முதல் நாளே "அளக்க வேண்டாம், தேடிக் கொடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். போகும்போது உங்கள் பட்டா நகல் மட்டும் போதாது. பக்கத்து நிலங்களின் புல எண்களையும் இ-சேவைத் தளத்தில் பார்த்து எழுதிக்கொண்டு போனால் அவருக்குப் பாதி நாள் மிச்சம். வீட்டில் பழைய பத்திரம் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள், நான்குமால் பக்கம் கிழியாமல் இருந்தால் போதும்.

அந்தப் பெண் திங்கள், வியாழன் ஆபீஸில் இருப்பார். மற்ற நாளில் திருப்பூரிலோ கோவையிலோ ஏதாவது ஒரு ஆவண அறையில் நிற்பார், தேடிப் போனால் ஏமாந்து திரும்ப வேண்டும். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கீழே பேக்கரியில் உட்கார வைத்துவிட்டுப் போன் செய்தால் அவரே காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவார்.